உடம்புக்குத் தகுந்த இன்ஜின்

தம்பி, பழைய கார் ஒன்றை வாங்கிப் பட்டறையில் நிறுத்தியதும் நீ கேட்கும் முதல் கேள்வி, "இதில் எந்த இன்ஜினை ஏற்றலாம்?" என்பதுதான். உன் ஆசையை நான் மதிக்கிறேன். ஐம்பது வருடத்து வண்டியை மறுபடி ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று இந்தக் காலத்தில் ஒரு பிள்ளை நினைப்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் இன்ஜின் பெரிதா என்று பார்க்காதே, அந்த வண்டிக்குப் பொருந்துமா என்று பார். நம் நாட்டுக் கம்பெனிகளே பெரும் பணம் கொட்டிப் படித்த பாடம் இது.

1985-ல் சென்னையின் ஸ்டாண்டர்ட் கம்பெனி 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு அது. அங்கே அந்த உடம்புக்குள் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின் ஓடியது. இங்கே பழைய வேன்கார்டு காரின் வழியில் வந்த 1,991 சிசி இன்ஜினை வைத்தார்கள். பார்க்க ராஜா மாதிரி இருந்த வண்டி, மிதித்தால் நகர யோசித்தது. பெட்ரோலும் குடித்தது. விலையும் அதிகம். 1988-லேயே தயாரிப்பு நின்றுபோனது. அவ்வளவு அழகான வண்டி அப்படிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

கான்டெஸா காரின் கதை வேறு. 1984-ல் வெளிவந்தபோது அந்தக் கனத்த உடம்பை இழுக்க அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினைத்தான் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது குதிரைத்திறன். திணறியது. பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்தன. உடம்பு அதேதான், ஆனால் வண்டி உயிர்பெற்றது. இன்றைக்கு ரசிகர்கள் தேடி அலைவது அந்தக் கான்டெஸாவைத்தான். பிரீமியர் 118என்இ இன்னொரு நல்ல ஜோடி: ஃபியட் 124 உடம்பு, நிஸானின் 1,171 சிசி இன்ஜின். அளவான சேர்க்கை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்ஜின் தனியாக வராது. 1990-களில் அம்பாசடருக்கு இசுசு இன்ஜினைக் கொடுத்தபோது கியர் பாக்ஸையும் சேர்த்தே மாற்றினார்கள். ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் லீவர் தரைக்கு வந்தது. பட்டறையிலும் அப்படித்தான். மவுண்டிங்கை வெல்டிங் வைத்து இன்ஜினை உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. வேறு கம்பெனி கியர் பாக்ஸோடு இணைக்க நடுவில் ஒரு பிளேட் கடைந்து போடுவார்கள். அந்தப் பிளேட்டின் துளைகளின் மையம் கொஞ்சம் விலகினாலும் கியர் பாக்ஸ் பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். ஆகவே நல்ல லேத் பட்டறைக்காரரைத் தேடு, கூலியில் பேரம் பேசாதே. அடுத்து பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம், ரேடியேட்டர், முன்பக்க எடை. டீசல் இன்ஜின் போடுகிறாய் என்றால் இன்னொரு விஷயம்: பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்றிலிருந்து பிரேக் பூஸ்டருக்குக் கிடைக்கும் வேக்குவம் டீசலில் கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வைக்காவிட்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இரண்டு மடங்கு சக்தி கொடுப்பவன், முதலில் பிரேக்கை மாற்றிவிட்டு வரட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தக் காலத்தில் டாக்ஸிக்காரர்கள் அம்பாசடரில் வேறு டீசல் இன்ஜின்களை ஏற்றினார்கள் என்றால், வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் இருக்கிற இன்ஜினை முதலில் நீயே பிரித்துப் பார். கம்ப்ரெஷன் எவ்வளவு இருக்கிறது? வால்வு உட்காருகிறதா? பாயின்ட் இடைவெளி சரியா? கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினாயா? "வண்டி இழுக்கவில்லை" என்று வருகிற பல வண்டிகளுக்கு போரிங், வால்வு கிரைண்டிங், புது ரிங் செட் போதும். கற்றுக்கொள்ள ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போல நல்ல வண்டி கிடையாது. முன்பக்கம் முழுவதும் பானெட்டாகத் திறந்துகொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே ஸ்பேனரைத் தொடுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் ஒன்றும் இன்ஜினில் உள்ள எண் ஒன்றுமாக இருந்தால் இன்ஷூரன்ஸும் கைவிடும். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் 'விஏ' என்ற தனிப் பதிவு வந்தது. சேசிஸிலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. உன் வண்டி அந்த வயதை நெருங்குகிறது என்றால் பழைய இன்ஜினே உனக்குச் சொத்து.

எல்லாம் யோசித்து, அனுமதியும் வாங்கி, மாற்றத்தான் போகிறாய் என்றால் ஒரு வேண்டுகோள். இறக்கிய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதே. தண்ணீரை வடித்துவிட்டு, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, மரச்சட்டத்தில் வைத்துக் காப்பாற்று. உனக்கு அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவன் அதைக் கேட்பான்.