ஆளில்லாத ரிங்குல யாருக்கு பாஸ் ஃபைட்டு?

'ரெஸ்லிங்'னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன பல்பு எரியுது பாஸ்? பெஞ்சுக்கு அடியில ஒளிச்சு வெச்சு விளையாடின ட்ரம்ப் கார்டு... 'அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருடா'ன்னு ஸ்கூல் வேன்ல அடிச்சு சத்தியம் பண்ண பையன்... கரெக்டா? அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "போடா லூசு, எல்லாம் டூப்பு"ன்னு ஒரே வரியில நம்ம நெஞ்சை உடைச்சிருப்பார். அந்த இடத்துலேயே பாதிப் பேர் ரெஸ்லிங்குக்கு டாட்டா காட்டியிருப்பீங்க. நான் காட்டலை. மீசை முளைச்ச பிறகும் காட்டலை. அதுக்காக வீட்டுல வாங்கின திட்டு தனிக் கதை!

இப்ப நான் சொல்லப்போறது ட்ரம்ப் கார்டுல வராத ஆளுங்களைப் பத்தி. ஜப்பான்ல 'நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்'னு ஒரு கம்பெனி இருக்கு. 1972-ல அன்டோனியோ இனோகி ஆரம்பிச்சது. 1976-ல முகமது அலியோடவே ரிங்குல மோதினாரே, அதே இனோகிதான். அங்கே பாட்டு, கண்ணீர், குடும்பச் சண்டைனு சீரியல் ஓட்டுறதெல்லாம் ரொம்பக் கம்மி. மேட்ச்தான் மெயின். ரிங்கை விட்டு வெளியே விழுந்தா ரெஃப்ரி பத்து வரைக்கும் இல்லை, இருபது வரைக்கும் எண்ணுவார். எழுந்து வர்றதுக்கு டைம் ஜாஸ்தி. எனக்கு அந்த கம்பெனி பிடிச்சுப்போனதுக்கு இந்த ஒரு ரூலே போதும்.

2020... ஃப்ளாஷ்பேக் வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஜப்பான்ல பிப்ரவரி கடைசியில நிறுத்தின மேட்ச்சை ஜூன் 15-ம் தேதிதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, அதுவும் ஒரு ஆள்கூட இல்லாத அரங்கத்துல. ஜூலையில கொஞ்சம் பேரை உள்ளே விட்டாங்க. ஆனா ஒரு கண்டிஷன்... கத்தக் கூடாது, கைதான் தட்டலாம்! ரெஸ்லிங்ல கத்தக் கூடாதுன்னா, கல்யாணத்துக்கு வா, ஆனா சாப்பிடாதேங்கிற மாதிரி.

அந்தப் பக்கம் ஜப்பானுக்குள்ள போக முடியாம அமெரிக்காவிலேயே மாட்டிக்கிட்ட வீரர்கள் நிறைய. அவங்களை வெச்சு, வெளிநாட்டு ரசிகர்களுக்குன்னே கம்பெனி ஒரு வாராந்திர ஷோ ஆரம்பிச்சுது. பேரு 'ஸ்ட்ராங்'. 2020 ஆகஸ்ட்ல ஸ்டார்ட். இடம் தெற்கு கலிஃபோர்னியா. இங்கிலீஷ் வர்ணனை. அமெரிக்காவுல வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தா, நமக்கு சனிக்கிழமை காலையில காபி நேரம்.

நானும் அப்பத்தான் ஃபைனல் இயர் முடிச்சிருந்தேன். கேம்பஸ்ல கிடைச்ச வேலையை, 'மறு அறிவிப்பு வரும் வரை'ன்னு ஒரே ஒரு மெயில்ல தள்ளிவெச்சுட்டாங்க. மாசம் 999 யென், நம்ம காசுக்கு எழுநூறு ரூபாய் கிட்ட. ஹாஸ்டல் தோஸ்த்துங்க ரெண்டு பேரும் நானும் பங்கு போட்டுக் கட்டினோம். அப்பா ஹால்ல பேப்பர் விரிப்பார், நான் மொபைலை விரிப்பேன். "ஆளில்லாத கடையில யாருக்குடா டீ ஆத்துறாங்க?"ன்னு அவர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. ஒரு ரிங், ரெண்டு பேர், ஒரு ரெஃப்ரி. சுத்தி இருட்டு. சாதாரணமா இருபதாயிரம் பேர் சத்தத்துல மறைஞ்சு போறதெல்லாம் அங்கே தெளிவாக் கேட்டுச்சு. நெஞ்சுல விழுற அடி பொதுக்குன்னு கேட்காது பாஸ், ஈரத்துணியைக் கல்லுல அடிச்சுத் துவைக்கிற மாதிரி கேட்கும். மூச்சு வாங்குறது கேட்கும். யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவு பண்றது உண்மைதான், பக்கத்து வீட்டு அண்ணன் பொய் சொல்லலை. ஆனா அந்தச் சத்தத்தை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

கட்சுயோரி ஷிபாட்டா கதையைக் கேளுங்க. 2017 ஏப்ரல் 9. டோக்கியோவுல சுமோ நடக்கிற ரியோகோகு அரங்கம். சாம்பியன் ஒகாடாவை எதிர்த்து மேட்ச். ஷிபாட்டா தன் நெத்தியால அவர் நெத்தியில ஒரு முட்டு முட்டினார். நெத்தியிலேர்ந்து ரத்தம் ஒழுகுது. மேட்ச்சை முடிச்சுட்டு உள்ளே போனவர் அப்படியே சரிஞ்சுட்டார். மூளையைச் சுத்தி ரத்தக்கசிவு, அவசர ஆபரேஷன். இனிமே மேட்ச்சே கிடையாதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். அடுத்த வருஷமே லாஸ் ஏஞ்சலஸ்ல கம்பெனி ஆரம்பிச்ச பயிற்சிப் பள்ளிக்கு வாத்தியாரா வந்து நின்னார் மனுஷன். தான் செய்ய முடியாததை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க!

அவரோட முதல் செட் பசங்கதான் 'ஸ்ட்ராங்'ல வாராவாரம் வந்தாங்க. கார்ல் ஃப்ரெடரிக்ஸ், கிளார்க் கானர்ஸ், அலெக்ஸ் காஃப்லின். இந்த மாதிரி புதுசுங்களுக்கு 'யங் லயன்'னு பேரு. பேர்தான் சிங்கம், பொழப்பு எடுபிடி! ஜப்பான் பள்ளியில சமைக்கணும், துவைக்கணும், பெரியவங்க மேட்ச்ல ஐஸும் தண்ணியும் தூக்கிட்டு ஓடணும். வெறும் கறுப்பு ட்ரங்க்ஸ், கறுப்பு ஷூ. கலர் கிடையாது, ஸ்டைல் பேர் கிடையாது, பறந்து அடிக்கிற வித்தையெல்லாம் மூச்! அடிப்படைப் பிடிகள் மட்டும்தான். கடைசியில பெரியவர் யாராவது காலை மடக்கி முதுகை வளைச்சு உட்கார்ந்தா, தரையைத் தட்டித் தோத்துட்டு வரணும்.

பயிற்சி என்ன தெரியுமா? நூத்துக்கணக்குல பஸ்கி! அவங்க ஊர்ல அதுக்கு 'ஹிந்து ஸ்குவாட்'னே பேரு. இனோகியோட குரு கார்ல் காட்ச்சுக்கு நம்ம ஊர் பயில்வான்களோட பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை மேல அப்படி ஒரு மோகம். 1972-ல கம்பெனியோட முதல் ஷோவுல இனோகி மோதினதே அவரோடதான், ஜெயிச்சதும் குருதான். நம்ம தாத்தாக்கள் எடுத்த பஸ்கியை கலிஃபோர்னியா பையன் ஜப்பான்காரர்கிட்ட கத்துக்கிறதை சனிக்கிழமை காலையில நான் படுத்துக்கிட்டே பார்த்தேன். (எழுந்து நானும் எடுத்தேன். முப்பதுலேயே முட்டி பேச ஆரம்பிச்சிடுச்சு. சரி, அதை விடுங்க.)

தோத்து தோத்து வர்ற அந்தப் பசங்களை ஏன் அவ்வளவு ஆசையா பார்த்தேன்னு இப்ப யோசிச்சா புரியுது. வேலை தள்ளிப்போன நான் வீட்டுல 'சும்மா' இருந்தேன். அவங்க யாருமே இல்லாத இடத்துல 'சும்மா' இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த வருஷம் அது எனக்குப் பெரிய வித்தியாசமா தெரிஞ்சுது. அப்பாவும் ரெண்டு மாசத்துல பேப்பரை மடிச்சுட்டு, "அந்த கறுப்பு டவுசர் பையன் இன்னிக்காவது ஜெயிச்சானா?"ன்னு கேட்க ஆரம்பிச்சார்.

இன்னொருத்தர் ஃப்ரெட் ரோஸர். பழைய டபிள்யூடபிள்யூஇ பார்ட்டிகளுக்கு 'டேரன் யங்'னா தெரியும். 2013-ல, தான் ஒரு ஓரினச்சேர்க்கையாளர்னு வெளிப்படையா சொன்னவர். அந்தக் கம்பெனியில இருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் வீரர். 2017-ல வேலை போச்சு. 'ஸ்ட்ராங்'குக்கு வந்தப்போ வயசு முப்பத்தாறு. டாம் லாலர்னு ஒரு முன்னாள் யுஎஃப்சி வீரர் 2021 ஏப்ரல்ல ஷோவோட முதல் சாம்பியனாகி, ஒரு வருஷத்துக்கும் மேல பெல்ட்டை விடாம வெச்சிருந்தார். 2022 மே மாசம் பிலடெல்ஃபியாவுல ரோஸர்தான் அதை வாங்கினார். அதுக்குள்ள ரசிகர்களும் திரும்ப வந்திருந்தாங்க. ஸ்க்ரிப்ட்தான், ஒத்துக்கிறேன். ஆனா முப்பத்தெட்டு வயசுல அந்த மனுஷன் கையில பெல்ட் வந்தப்போ ஹாஸ்டல் தோஸ்த்துங்க மூணு பேரும் மூணு ஊர்லேர்ந்து ஒரே நேரத்துல போன் பண்ணி கான்ஃபரன்ஸ்ல கத்தினோம். அப்ப எனக்கு வேலை கிடைச்சிருந்துச்சு, வேற கம்பெனியில.

ஷிபாட்டா? 2022 ஜனவரி 4, டோக்கியோ டோம்ல திரும்பி வந்து மேட்ச் ஆடினார். எதிர்ல நின்னது யார்? அவரோட லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக்கு வந்து பயிற்சி எடுத்த ரென் நரிட்டா. வாத்தியார்தான் ஜெயிச்சார்.

2023 ஆரம்பத்தோட வாராந்திர 'ஸ்ட்ராங்' நின்னு போச்சு. அந்தப் பேர்ல பெல்ட்டும் பெரிய ஷோக்களும் தொடர்ந்துச்சு, ஆனா சனிக்கிழமை காலை காபி போச்சு. முதல் செட் மூணு பேர்ல ஃப்ரெடரிக்ஸ் டபிள்யூடபிள்யூஇ போய் வேற பேர்ல ஆடினார். கானர்ஸ் ஜூனியர் டேக் டீம் பெல்ட் வாங்கினார். மூணு பேர்ல பலசாலி யாருன்னா காஃப்லின்தான். படுத்திருக்கிற ஆளைத் தரையிலேர்ந்து அப்படியே அள்ளித் தூக்குவார். 2024 ஏப்ரல்ல, உடம்பு இனி தாங்காதுன்னு ஓய்வு அறிவிச்சுட்டார். முப்பதுதான் வயசு.

அப்பாகிட்ட சொன்னேன். "எந்தப் பையன், அந்த பஸ்கி பையனா?"ன்னார். ஆமான்னேன். பேப்பரைக் கொஞ்ச நேரம் பிரிக்கவே இல்லை.