பலகையின் அடியில் ஒரு பாடம்

மதுரையில் கணக்கு டியூஷன் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. தெருமுனைச் சுவரில் பலகை இருக்கும்; இல்லாவிட்டால் மின்கம்பத்தில் ஒட்டிய தாளாவது இருக்கும். இயற்பியல், வேதியியலுக்கும் அப்படித்தான். பொருளியலுக்கு மட்டும் தனிப் பலகை கிடையாது. ‘காமர்ஸ், அக்கவுன்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, அடியில் மிச்சமிருக்கும் இடத்தில் ‘எகனாமிக்ஸ்’ என்று நெருக்கி எழுதியிருப்பார்கள். உள்ளே பாடம் நடப்பதும் அந்தக் கணக்கில்தான். வாரம் முழுக்கக் கூட்டாண்மைக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும். சனிக்கிழமை சாயங்காலம் பொருளியலுக்கு ஒன் வேர்டு டெஸ்ட்.

அக்கா மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பொருளியலுக்கு நல்ல ஆளாகப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது, பட்டப்படிப்பில் நான் படித்தது அதைத்தான் என்பதால். அக்காவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. “எகனாமிக்ஸுக்கெல்லாம் எதுக்குடா டியூஷன்? கதை மாதிரி படிச்சுட்டுப் போயிர வேண்டியதுதான?” என்றாள். ஊரில் பாதிப் பேர் நினைப்பதும் அதுதான். தொண்ணூறு மார்க் தேர்வில் இருபது ஒன் வேர்டு. புத்தகத்தை நாலு தடவை புரட்டினால் பாஸாகிவிடலாம் என்பது உண்மையும்கூட. ஆனால் அவள் சிக்கல் பாஸாவதில் இல்லை. வரையறைகளை எல்லாம் ஒப்பித்துவிடுவாள். வெறும் தாளைக் கொடுத்து ஒரு தேவைக் கோடு போடச் சொன்னால் கை நின்றுவிடும். “புக்குல இருக்க படத்தப் பாத்தாத்தான் மாமா, கோடு மேல போகுதா கீழ போகுதான்னே தெரியுது” என்றாள்.

இதற்கு வேர் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. தேவை, அளிப்பு, சந்தை வகைகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். பன்னிரண்டில் வருவது நாட்டு வருமானம், வேலைவாய்ப்பு, பணம், வங்கி. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே தாண்டிக் குதித்ததால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அந்தத் தேர்வையும் இப்போது எடுத்துவிட்டார்கள். அடித்தளம் போடாமல் மாடி கட்டும் பிள்ளைகள் இனிக் கூடத்தான் செய்வார்கள்.

முதலில் போன இடத்தில் வாசலிலேயே ஃபிளெக்ஸ். சென்டம் வாங்கிய முகங்கள் வரிசையாகச் சிரித்தன. மூன்று பாடத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மெட்டீரியலும் வாராந்தரத் தேர்வும் அதில் அடக்கம். படங்களை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டேன். “அப்படியே பாத்துப் போட்டுப் பழகிட்டாப் போதும் சார், கைக்கு வந்துரும்” என்றார். சித்திரப் போட்டிக்கு அனுப்புகிறோமா என்று வாய்வரை வந்தது. இன்னொருவர் ஆன்லைன். மணிக்கு இவ்வளவு என்று வக்கீல் மாதிரி கணக்குச் சொன்னார். அவர் பழகியது சி.பி.எஸ்.இ. பாடம், நம் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை.

இப்படிக் கேட்டு அலையும்போதுதான் ஜார்ஜ் அக்கர்லாஃப் நினைவுக்கு வந்தார். 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர். விற்பவனுக்கு வண்டியின் யோக்கியதை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் நல்ல விலை கிடைக்காமல், கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும் என்றார். 2001இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். டியூஷன் சந்தை அதைவிட மோசம் என்பது என் கட்சி. பழைய வண்டி வாங்கப் போனால் கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகலாம். இங்கே காசு கொடுப்பது அப்பா அம்மா, பாடம் கேட்பது பிள்ளை, தரம் தெரிவது மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு. அப்போது தெரிந்தும் பயனில்லை. பிளஸ் டூவை யாரும் இரண்டாம் முறை வாங்கப் போவதில்லை. ஆகவே ஃபிளெக்ஸைப் பார்த்து முடிவு செய்கிறோம். அந்தச் சென்டம் பிள்ளைகள் உள்ளே வரும்போதே கெட்டிக்காரர்களா, அந்த சார் தேற்றியதா என்று ஃபிளெக்ஸ் சொல்லாது.

பொருளியலின் தகப்பனார் என்று நாம் சொல்லும் ஆடம் ஸ்மித்தே டியூஷன் வாத்தியாராக இருந்தவர்தான். 1764இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, பக்ளூ பிரபு என்கிற இளைஞனுக்குத் தனி ஆசிரியராகப் பிரான்சுக்குப் போனார். பையனுக்கு அப்போது பதினேழு. நம் பிளஸ் டூ வயது. சம்பளம் ஆண்டுக்கு 300 பவுண்டு, அதோடு ஆயுளுக்கும் ஓய்வூதியம். பாதியில் கிளம்புகிறோமே என்று கிளாஸ்கோ மாணவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவர்கள் வாங்க மறுத்தார்கள். துலூஸ் நகரில் பொழுது போகாமல்தான் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருப்பதாக நண்பர் ஹியூமுக்குக் கடிதம் போட்டார். 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ அதிலிருந்து விளைந்தது என்கிறார்கள். சம்பளம் உறுதி என்று ஆகிவிட்டால் வாத்தியார்கள் பாடம் நடத்துவதையே விட்டுவிடுகிறார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டை அதில் ஒரு பிடி பிடித்திருக்கிறார்.

நான் மெக்கானிக் வேலையைக் கையில் எடுத்தேன். போகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: “மார்கழியில முகூர்த்தம் கிடையாது. அப்படியும் மாட்டுத்தாவணியில மல்லி விலை ஏறுதே, ஏன்? பிள்ளைக்குப் படம் போட்டுச் சொல்லுங்க.” தேவை கூடினால் விலை கூடும் என்று மந்திரம் போலச் சொல்லிப் பழகியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். பனியில் மொட்டு குறைகிறது. அளிப்புக் கோடு முழுதாக இடப்பக்கம் நகர்கிறது. கல்யாணம் இல்லாததால் தேவைக் கோடும் நகரத்தான் செய்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. தை பிறந்து முகூர்த்தம் வந்ததும் தேவை வலப்பக்கம் பாய்கிறது, செடியோ இன்னும் தேறவில்லை. மல்லி விலை எங்கேயோ போகிறது. கோட்டின் மீது நகர்வது வேறு, கோடே இடம் மாறுவது வேறு என்பது புரிந்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். பொருளியலில் பிள்ளைகள் தடுமாறும் முதல் இடமும் அதுதான்.

இதைச் சரியாகச் சொன்னவர் பலகையே இல்லாத ஒருவர். எம்.ஏ., பி.எட். முடித்து, முதுநிலை ஆசிரியர் பணிக்கான டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். அவர் படம் போடவில்லை. பென்சிலை அக்கா மகள் கையில் கொடுத்து, “மொதல்ல ரெண்டு அச்சுக்கும் பேர் எழுதும்மா” என்றார். அச்சுக்குப் பெயர் எழுதாமல் கோடு போடவே விடவில்லை. பிறகு ஒருநாள் ‘பெருக்கி’ (மல்டிப்ளையர்) என்கிற பாடத்தை நடத்தினார். சூத்திரத்தைச் சொல்லாமல், அரசாங்கம் 100 ரூபாய் செலவு செய்கிறது, கைக்கு வருவதில் எண்பது விழுக்காட்டை ஒவ்வொருவரும் செலவழிக்கிறார்கள் என்று சொல்லி, 100, 80, 64, 51.20 என்று எழுதிக்கொண்டே போகச் சொன்னார். கூட்டிக்கொண்டே போனவள், “மிஸ், இது ஐநூறத் தாண்டவே மாட்டேங்குது” என்றாள். சூத்திரம் அதற்கப்புறம் வந்தது.

பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களிடம் போய் நிற்க வேண்டாம். உங்கள் ஊர்க் கல்லூரியின் பொருளியல் துறையில் விசாரியுங்கள், டி.ஆர்.பி.க்கும் ‘நெட்’டுக்கும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். கட்டணம் பேசுவதற்கு முன்னால் ஒரு பாடம் நடத்தச் சொல்லி, பிள்ளையோடு நீங்களும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு கொடுத்துவிடுங்கள்.