ஜல்லி ரோட்டில் செஞ்சிக்கோட்டைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழியும் சைக்கிளில் செஞ்சிக்கோட்டைக்குப் போனோம். என் சைக்கிள் அக்காவுடையது. பதினொன்றாம் வகுப்பில் அரசு இலவசமாகக் கொடுத்தது. "பத்திரமா கொண்டு வா"ன்னு சொல்லித்தான் தந்தாள்.

தார் ரோட்டை விட்டு, சங்கராபரணி ஆற்றோரம் ஜல்லி ரோட்டில் போனோம். காட்டுப் பக்கம் மயில் கத்தியது. தூரத்தில் ராஜகிரி தெரிந்ததும் சந்தோஷத்தில் வேகமாக மிதித்தேன். இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினேன். சறுக்கி விழுந்தேன்! முழங்காலில் ரத்தம். ஹேண்டில் கோணிக்கொண்டது. திரும்பிடலாமான்னு தோணுச்சு. தோழிதான் முன் சக்கரத்தைக் காலில் இடுக்கி ஹேண்டிலை நேராக்கினாள்.

மூன்று மலைகளைச் சேர்த்து மதில் கட்டியிருக்கிறார்கள். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு இதைப் பிடிக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை போராடியதாம். ஏன் அத்தனை வருடம் ஆச்சுன்னு நேரில் பார்த்ததும் புரிந்தது. 2025-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வீட்டில் பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். அக்கா முதலில் முழங்காலுக்கு மஞ்சள் வைத்தாள். பிறகு, "அடுத்த தடவை நானும் வரேன்"னாள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவள் எங்கேயும் போனதில்லை.

தோழிகளே, ஜல்லி ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள்!