மகன் சுமந்த பொய்

2023 மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை இரவு. எட்டு வயது மகன் கட்டிலில் ஒரு கொப்பியும் பென்சிலுமாக இருந்தான். முதல்நன்மை வகுப்பில் கொடுத்த வேலை. ஏப்ரல் கடைசியில் அவனுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். அதற்கு முன்னால் தன் மனதைத் தானே விசாரித்து, சொல்ல வேண்டியதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தங்கச்சியின் சொக்லேட்டைத் தின்றது, அம்மம்மாவோடு வாய்காட்டினது என்று இரண்டு எழுதியிருந்தான். மூன்றாவதைப் பற்றி என்னிடம் கேட்டான்.

"அப்பா, டீச்சரிட்ட கதவு எண்டு சொன்னது பொய்தானே? அதையும் ஃபாதரிட்டச் சொல்லவேணுமோ?"

"நாளைக்குக் கதைப்பம், படு" என்று லைட்டை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் கதவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதச் சொன்னது என் மனைவி. "எங்கட ஆக்கள் எத்தினை வீட்டில இது நடக்குது, ஆராவது ஒருத்தர் சொல்லத்தானே வேணும்" என்றா.

அதற்கு முந்திய நவம்பர். பேர்கனில் ஃபிலிங்ஸ்தாலனுக்குப் புது பீபானன் பாதை திறந்த மாதம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம், வழக்கம்போல மழை, வேலையில் ஒரு சண்டை, வீட்டுக்கு வந்தால் மகன் தமிழ்ப் பள்ளி வீட்டுவேலை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் சனிக்கிழமை, சொல்வதெழுதல் சோதனை. பக்கத்தில் இருத்தி ந, ன, ண மூன்றையும் எழுதச் சொன்னேன். பிழைத்தான். திரும்ப எழுதச் சொன்னேன். பென்சிலை எறிந்துவிட்டு, இந்த மொழியால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று நோர்ஸ்கில் கேட்டான். என் கை போய்விட்டது. கலியாண மோதிரம் இடது கண்ணுக்குக் கீழே கிழித்தது.

தமிழுக்காக அடித்தேன் என்று கொஞ்சக் காலம் நானே நம்பினேன். பொய். களைப்புக்கும் கோபத்துக்கும் அடித்தேன். அது முதல் தரமும் இல்லை. மோதிரம் பட்டது மட்டும்தான் முதல் தரம்.

மனைவி ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது நான் அவன் முன்னால் குந்தி இருந்து சொன்னேன்: "திங்கட்கிழமை ஆரும் கேட்டா கதவு இடிச்சதெண்டு சொல்லு. இல்லாட்டி உன்னை எங்களிட்ட இருந்து கொண்டு போயிடுவாங்கள்." அடித்ததை விட இந்த வசனம்தான் பெரிய பாவம் என்று விளங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. காயம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அந்தப் பயத்தை அவன் பள்ளிக்கூடப் பையோடு சேர்த்துத் தினமும் தூக்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை ஆசிரியை தொலைபேசி எடுத்தா. கதவுதான் என்றேன். சிரித்தும் காட்டினேன், பெடியன் எப்போதும் ஓட்டம்தான் என்று. இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு மாமிக்கும் கதவு. கோயிலில் ஒரு அன்ரிக்கும் கதவு. பேதுரு மூன்று தரத்தோடு நிறுத்தினார். நான் எண்ணவில்லை.

வெளியில் சொன்ன பொய் இப்படி. உள்ளுக்குச் சொன்னது வேறு மாதிரி. "நான் அடிக்கிற ஆள் இல்லை." எனக்கு நானே இதைச் சொல்வதற்குத் தமிழ் நன்றாக உதவி செய்தது. யோசித்துப் பாருங்கள், எங்களிடம் எத்தனை மெல்லிய சொற்கள்: ஒரு தட்டுத் தட்டினன், ரெண்டு போட்டனான், சின்னச் சாத்து. அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவான். இதோடு வேதத்தையும் துணைக்குக் கூப்பிட்டேன். பிரம்பைத் தவிர்க்கிற தகப்பன் மகனை வெறுக்கிறான் என்ற கருத்தில் நீதிமொழிகளில் வருகிற வசனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபமூட்டி மனந்தளரப் பண்ணக் கூடாது என்று பவுல் கொலோசையருக்கு எழுதினதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை ஒருவரும் எனக்கு மனப்பாடமாக்கவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

நோர்வேக்காரரிடமும் இப்படி ஒரு மெல்லிய சொல் இருந்தது: கிளாப்ஸ். லேசான தட்டு. இங்கே பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற சட்டம் 1987இல் வந்தது. சுவீடனில் 1979, பின்லாந்தில் 1983, அதற்குப் பிறகு இங்கே. ஆனாலும் 2005இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த நேரத்துக் கோபத்தில் கொடுக்கிற லேசான தட்டு தண்டனைக்குரியது அல்ல என்ற மாதிரிச் சொன்னது. அதில் சனம் குழம்பியது. 2010இல் சட்டத்தைத் திருத்தி அந்த வாசலையும் மூடினார்கள். கிளாப்ஸும் அடிதான். இதையெல்லாம் நான் முன்பே அறிந்திருந்தேன். ஏழு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, இங்கேயே வரி கட்டுகிறவன் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

மகன் அந்தக் கேள்வியைக் கேட்ட கிழமையிலேயே "மிஸஸ் சட்டர்ஜி வர்சஸ் நார்வே" படம் வெளிவந்தது. எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் முழுக்க அதுதான். பார்த்தியோ, பார்னவேர்ன் எப்பிடிப் பிள்ளையளைப் பறிக்குது எண்டு. எனக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட நாட்டில் யாராவது உண்மை சொல்லுவானா? பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பார்னவேர்ன் விஷயத்தில் நோர்வே குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறியது என்று ஸ்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2019இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்தத் தாய்மாரின் கதையை நான் எடுத்தது என் மோதிரத்தை மறைக்க. இரவில், எல்லோரும் படுத்த பிறகு, அது எனக்கே தெரிந்தது.

மகன் திரும்பக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கொப்பியை ஒரு நாள் களவாகத் திறந்து பார்த்தேன். மூன்றாவதாக, பிழை பிழையான நோர்ஸ்கில், "கதவு" என்று ஒரு சொல் மட்டும். பக்கத்தில் கேள்விக்குறி.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. நீகோர்ஸ்கத்தனில் உள்ள சென்ற் பவுல் தேவாலயம். பெரிய வெள்ளியில் எப்போதும் யோவானுடைய பாடுகள்தான் வாசிப்பார்கள். நாற்பது வருசமாகக் கேட்கிற வாசகம். பேதுரு முற்றத்தில் குளிருக்கு நெருப்புக் காய்கிறார், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கிறார்கள், இல்லை என்கிறார். எனக்கு இவ்வளவு காலமும் சேவல்தான் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கு நெருப்புத் தெரிந்தது. அந்த மனுசன் சூடாக நின்றுகொண்டுதான் மறுதலிக்கிறார். நானும் அப்படித்தான். நல்ல வீடு, நல்ல வேலை, கோயிலில் மூன்றாவது வாங்கு.

வீட்டுக்கு வந்து யோவானின் கடைசி அதிகாரத்தைத் திறந்தேன். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக்கொண்டு நிற்கிறார். கரிநெருப்பு என்கிற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு இடத்தில்தான் வருகிறதாம்: பேதுரு மறுதலித்த முற்றத்திலும், இந்தக் கரையிலும். ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. மறந்துவிடுவோம் என்றும் சொல்லவில்லை. மறுதலித்த அதே வாசத்துக்குப் பக்கத்தில் இருத்தி, மூன்று தரம் கேட்கிறார். அன்பு இருக்கிறதா என்று.

பெரிய சனி காலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேண்டுமென்றே நோர்ஸ்கில் சொன்னேன். தமிழில் தொடங்கியிருந்தால் "ஒரு தட்டுத் தட்டினன் ஃபாதர்" என்று தப்பியிருப்பேன். நோர்ஸ்கில் எனக்கு வந்தது ஒரே சொல்: ஸ்லோ. அடித்தல். மகனை அடித்தேன். பல தரம். பிறகு அவனைப் பொய் சொல்ல வைத்தேன். இதற்கே கால் மணித்தியாலம் எடுத்தது.

குருவானவருக்கும் நோர்ஸ்க் இரண்டாம் மொழிதான், வேறு நாட்டுக்காரர். சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். ஆண்டவர் மன்னிக்கிறார், அதில் சந்தேகம் வேண்டாம் என்றார். ஆனால் நீ உன் சுமையை இறக்கிவிட்டு வெளியே போகப் போகிறாய், உன் மகன் தன்னுடையதோடு நிற்கிறான், போய் அதை எடு என்றார். அவ்வளவுதான். பாவமன்னிப்போடு பிரச்சினை முடியும் என்று நினைத்துப் போனவன் நான். முழங்கால் நடுங்க வெளியே வந்தேன்.

பாஸ்குத் திங்கள் காலை மகனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, பக்கத்தில் நடந்தபடி சொன்னேன். "கதவு இல்லை, நான்தான். அது உன்ர பொய் இல்லையடா. நான் உன்ர கையில தந்தது. அடிச்சதும் பிழை, அதைச் சொல்லச் சொன்னதும் பிழை. என்னை மன்னிச்சுக்கொள்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப என்னைக் கொண்டு போவினமோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி இன்னொரு பொய் கொடுக்க ஏலாது. "நான் இருக்கிறன், அம்மா இருக்கிறா, உண்மையைச் சொல்லித்தான் இதைப் பாக்கப் போறம்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்று குருவானவர் சொல்லவில்லை. அது நானும் மனைவியும் எடுத்த முடிவு. அவன் நாளும் பொழுதும் அந்த ஆசிரியைக்கு முன்னால்தான் இருக்கிறான், அவ முன்னால் அந்தக் கதவு இருக்கும் வரைக்கும் அவன் தோளில்தான் இருக்கும். மனைவி அன்று இரவு சொன்னா: "நீங்கள் சொல்லுவியளோ எண்டு நவம்பரில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். எனக்கும்தான் வாய் இருந்தது." அவவும் தன் பங்குக்குக் கதவைச் சொல்லித் திரிந்தவதானே.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியையிடம் நேரம் கேட்டுப் போனோம். கேட்டுவிட்டு, நன்றி சொன்னா. பார்னவேர்னுக்கு அறிவிக்க வேண்டியது தன் கடமை என்றும் நேரே சொன்னா. வரும் அறிவித்தலை அவர்கள் ஒரு கிழமைக்குள் பார்க்க வேண்டும், விசாரணை திறந்தால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எங்களுக்குத் திறந்தார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி அலங்காரமாக எழுத ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தார்கள். மகனோடு தனியாகக் கதைத்தார்கள். எங்களையும் தனித்தனியாக. மணி அடித்தால் வயிறு கலங்கும். சுத்தமான மனச்சாட்சி நல்ல தலையணை என்று நோர்வேஜியர் சொல்லுவார்கள். முதல் இரண்டு கிழமை நான் நித்திரையே கொள்ளவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பு பயந்தது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று. இப்போது எல்லாம் தெரிந்த ஆட்களைப் பார்த்துப் பயந்தேன். இரண்டும் ஒரே பயம் இல்லை. மனச்சாட்சி என்கிற சொல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. நோர்ஸ்கில் சம்வித்திகேத், பிரித்துப் பார்த்தால் சேர்ந்து அறிவது. ஐந்து மாதமாக என்னோடு சேர்ந்து அறிந்த சாட்சி ஒரு எட்டு வயதுப் பிள்ளை. அவன் வாயைத்தான் நான் பொத்தி வைத்திருந்தேன்.

குடும்ப ஆலோசனை நிலையத்துக்கு நானாகவே போனேன். இலவசம், வைத்தியரின் கடிதம் தேவையில்லை. இது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கோபம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கேட்டார்கள். எனக்குத் தாடையில். இப்போது தாடை இறுகினால் மாடிப்படியில் போய் நிற்பேன். அடுத்த வீட்டுக்காரர் நான் புகைக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறார்.

யூன் கடைசியில் கடிதம் வந்தது: வழிகாட்டலோடு விசாரணை முடிகிறது. எங்களுக்கு இப்படி முடிந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நான் உறுதி தர முடியாது. முடிவு தெரிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கவும் மாட்டேன்.

இதற்கிடையில் ஏப்ரல் கடைசியில் மகன் முதல் பாவசங்கீர்த்தனம் செய்தான். வெளியே வந்தவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பீபானனில் போகும்போது தானாகவே, "ரெண்டுதான் சொன்னனான்" என்றான்.

அப்பாவுக்குச் சொல்லத்தான் கடைசியாகப் போனேன். அவர் பாசையூர்க்காரர், எண்பதுகளில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று எங்களைக் கூப்பிட்டவர். "விசரே உனக்கு? நீயாப் போய்ச் சொன்னியோ?" என்று கத்தினார். இரண்டு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம் தனியாக இருக்கும்போது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால ஒரு உடைஞ்ச ஸ்கீ தடி வச்சிருந்தனான். ஞாபகமோ?"

ஃபின்மார்க்கில் பூவரசந்தடி கிடையாது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பிரம்பு அதுதான்.

"ஓம் அப்பா."

"உனக்கு மூக்கால ரத்தம் வந்த அண்டைக்கு, இரவு வேலைக்குப் போகேக்க கொண்டுபோய்க் கடலுக்குள்ள எறிஞ்சனான். கொம்மா எங்கை எண்டு கேட்டா. துலைஞ்சு போச்செண்டு சொன்னன்."

தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இண்டைக்குத்தான் சொல்லுறன்."