எதிர்காற்றில் போ

காரைக்காலை அடுத்த தருமபுரம் யாழ்முரிநாதர் கோயிலுக்கு அப்பால் உள்ள வயல்வெளியில்தான் ட்ரோன் பழகினேன். கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் முழுக்கக் கருவியைத் தொடவிடவில்லை. "தென்னை ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு தம்பி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

கையில் தந்தபோது இடம் வலம் குழம்பியது. நம்மை விட்டு விலகிப் போகும்வரை சிக்கலில்லை. நம் பக்கம் முகம் திருப்பியதும் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் ட்ரோன் நமக்கு வலப்பக்கம் போகும். விரல் பழக ஒரு மாதம் ஆயிற்று. மொட்டைமாடியில் கிளப்பப் போனால் திசைகாட்டி பிழை காட்டியது. தளத்துக்குள் இருக்கும் கம்பி அதைக் குழப்புகிறது. மண்தரைக்கு இறங்கிவிட்டோம்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது காற்றுதான். கடல் பக்கம் என்பதால் வெயில் ஏற ஏறக் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். தரையில் சட்டைகூட அசையாது. 300 அடிக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். ஒரு மாசி மாலையில் திருநள்ளாறு பக்கமாக மேற்கே விட்டேன். சிட்டாய்ப் பறந்தது. திருப்பினால் நகரவே இல்லை. பேட்டரி 30 சதவீதம், 25, 20. கை நடுங்கியது. அண்ணன் வாங்கி, முதலில் உயரத்தைக் குறைத்தார். கீழே காற்று மட்டு. தென்னந்தோப்பைச் சுற்றி மெல்ல மெல்ல வந்து வரப்பில் இறங்கியது. "போறப்ப எதிர்காத்துல போ. வர்றப்ப காத்தே கொண்டாந்து சேர்க்கும்" என்றார். ஓலையைப் பார்க்கச் சொன்னது எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

நல்ல படம் அதற்குப் பிறகும் வரவில்லை. உச்சிவெயிலில் எடுத்த வயல், விரித்துப் போட்ட பச்சைத் துணிபோலத் தட்டையாக இருந்தது. காலைச் சாய்வெயிலில்தான் நிழல் விழுந்து வரப்பும் வாய்க்காலும் எழுந்து தெரிந்தன. அன்றைக்குக் காரைக்காலை ஆண்ட பிரான்சில், 1858இல் பலூனிலிருந்து முதன்முதலாக வான்படம் எடுத்தவர் நதார். அவருக்கும் தொடக்கத்தில் படத்தட்டுகள் கறுத்தே போயின. பலூனிலிருந்து கசிந்த வாயு ரசாயனத்தைக் கெடுத்தது. அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது.

சட்டத்தையும் முதலிலேயே படித்துவிடுங்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமைத் தாண்டிய கருவியால் கூலிக்குப் படம் எடுக்க விமானிச் சான்றிதழ் வேண்டும். முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்திலும் அனுமதியின்றி 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவது என்னைப் பொறுத்தவரை குற்றம்.

எங்கள் பக்கம் பழக வருவதானால் சம்பா அறுவடை முடிந்த மாசியில் வாருங்கள். வயலில் தண்ணீர் இருக்காது. உளுந்து முளைத்திருக்கும், வரப்பிலேயே நில்லுங்கள்.