சாம்பலுக்குத்தான் முகமூடி

முகமூடி என்றதும் நம் மலேசியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகருக்கு ஒரு பருவம் படிக்கச் சென்றபோது, அம்மா என் பெட்டியில் வைத்தனுப்பியதும் புகைமூட்டக் காலத்து மெல்லிய நீல முகமூடிகளைத்தான். எரிமலைகளின் நாட்டுக்கு அது போதும் என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம்.

2014 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு, கிழக்கு ஜாவாவின் கெலுட் எரிமலை வெடித்தது. அது நாங்கள் தங்கியிருந்த நகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. இருந்தும் மறுநாள் எங்களுக்குச் சரியாக விடியவே இல்லை. கூரை, மரம், மோட்டார் சைக்கிள், வாசலில் விட்ட செருப்பு எல்லாம் ஒரே நிறம். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். போரோபுதூரின் கல் தூபிகளுக்கே பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

சாம்பல் என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். இது அடுப்புச் சாம்பல் அன்று. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். நீரில் கரையாது, கண்ணில் விழுந்தால் கீறும். என் அறைத்தோழிக்கு ஆஸ்துமா. அன்று காலையிலேயே அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

நாங்கள் ‘இபு’ என்று அழைத்த வீட்டுக்கார அம்மா என் நீல முகமூடியைப் பார்த்துச் சிரித்தார். கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி. சாம்பல் அதன் வழியே தாராளமாக நுழையும். தடித்த என்95 முகமூடி ஒன்றைக் கொடுத்து, மூக்கின் மேலுள்ள கம்பியை அவரே அழுத்திவிட்டார். கைக்குட்டையை நனைத்துக் கட்டினால் நன்றாக வடிகட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தோழி வெளியே வரவே கூடாது என்றார். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றச் சொன்னார். கதவிடுக்கில் ஈரத்துணி, கிணற்றுக்கு மூடி, பெருக்குமுன் இலேசாகத் தண்ணீர்த் தெளிப்பு. நிறைய ஊற்றினால் சாம்பல் சிமெண்ட் குழம்பாகிவிடும். கூரையில் நனைந்தாலோ பெரும் பாரம். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்த அன்றே புயல்மழையும் சேர்ந்துகொள்ள, கூரை இடிந்து மாண்டவர்கள் பலர்.

“இவ்வளவும் இருந்தால் மெராபி வெடித்தாலும் தப்பிவிடலாம்தானே, இபு?” என்று உள்ளிருந்தபடியே கேட்டாள் தோழி.

இபு துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். நகருக்கு வடக்கே நிற்கும் மெராபியின் சரிவில் பிறந்தவர் அவர். அந்த மலையிலிருந்து உருண்டிறங்கும் வெப்ப மேகத்தை ஊரார் ‘வெதுஸ் கெம்பெல்’ என்பார்களாம். சடைமயிர் ஆடு என்று பொருள். பல நூறு டிகிரி வெப்பம், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். காலியாடெம் என்ற இடத்தில் கான்கிரீட் பதுங்கறையே கட்டி வைத்திருந்தார்கள். 2006 ஜூனில் அதற்குள் தஞ்சம் புகுந்த இருவரும் உயிருடன் திரும்பவில்லை. 2010இல் மாண்டவர்களோ முந்நூறுக்கும் மேல்.

“முகமூடி, தூரத்தில் இருப்பவர்களுக்கு. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுதான்” என்று கதவருகே தொங்கிய பையைக் காட்டினார். குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், மருந்து, கைவிளக்கு, சின்ன வானொலி. மோட்டார் சைக்கிளில் எப்போதும் எண்ணெய் இருக்குமாம்.

பிறகுதான் கெலுட்டின் கணக்கைப் படித்தேன். அன்றிரவு 9.15க்கு எச்சரிக்கையை உச்ச நிலைக்கு உயர்த்தி, பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். 10.50க்கு மலை வெடித்தது. ஒன்றரை மணி நேரம்! பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அதிலேயே பாதி போயிருக்கும்.

அன்று மாலை தோழி தன் கடவுச்சீட்டையும் இரண்டு இன்ஹேலர்களையும் ஒரு துணிப்பையில் போட்டாள். ஆணி அடிக்க இபு சுத்தியலைக் கொடுத்தார்.