கப்பலிலிருந்து வரவேற்பறைக்கு

குஜராத்தில் பாவ்நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அலங். திராபஜில் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதுமே, கடல் கண்ணில் படும் முன்பே கப்பல்கள் தென்பட ஆரம்பித்துவிடுகின்றன, துண்டு துண்டாக. சாலையின் இருபுறமும் பல கிலோமீட்டருக்குக் கடைகள். சோபா, குளிர்பெட்டி, உயிர்காப்புப் படகு, கம்பெனி முத்திரை பதித்த பீங்கான் தட்டு, பித்தளை விளக்கு என்று மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன.

1983 முதல் இங்கே கப்பல் உடைக்கிறார்கள். பெரிய ஓதம் வரும் நாளில் கப்பலை முழு வேகத்தில் கரையேற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அது தரையில் நிற்கும். இரும்பு உருக்காலைகளுக்கும் உருட்டாலைகளுக்கும் போகிறது. மற்றவை சாலைக்கு.

வட்டச் சன்னல் சுவர்க் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. மேஜைகளின் ஓரத்தில் விரலளவு விளிம்பு. அலையில் தட்டு சரியாமலிருக்க வைத்தது. ஆடாத வீட்டில் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் அந்த விளிம்புக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டல்காரர்களுக்கு இது சுரங்கம். புதுக்குடித்தனம் போடுபவர்களுக்கு மலிவு விலைக் கடை.

1962ல் பயணம் தொடங்கிய 'பிரான்ஸ்' கப்பல், 'புளூ லேடி' என்ற பெயரில் 2006ல் இங்கே வந்து சேர்ந்தது. சுப்ரீம் கோர்ட் 2007ல் அனுமதி அளித்த பிறகே உடைத்தார்கள். வெட்டியெடுத்த அதன் மூக்கு நுனி 2009ல் பாரிஸில் ஏலம் போனது.

அந்த வழக்குக்கு ஒரு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ். பழைய கப்பல்களின் அறைத் தடுப்புப் பலகைகளில் அது இருக்கலாம். பலகை சும்மா நிற்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தச்சர் ரம்பம் வைத்தாலோ துளை போட்டாலோ நார் பறக்கும். நோய் தலைகாட்டப் பல வருஷம் ஆகும். பேரம் பேசுகிறவர்கள் பலகையின் வயதை விசாரிப்பதாகத் தெரியவில்லை. 2025 ஜூனில் அமலுக்கு வந்த ஹாங்காங் உடன்படிக்கை, ஒவ்வொரு கப்பலிலும் என்னென்ன அபாயப் பொருள்கள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்கிறது. கடையில் கிடக்கும் பலகையில் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்காது.

2011-12ல் 415 கப்பல்கள் வந்தன. பிறகு வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. கோவிட் முடக்கத்தால் 2020ல் 'கர்ணிகா' போன்ற உல்லாசக் கப்பல்கள் வந்தபோது கடைகளில் சரக்குக்குப் பஞ்சமில்லை.

உடைப்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்டைச் சேர்ந்தவர்கள். சாலைக்கு அப்பால் இருக்கும் அவர்களுடைய குடிசைகள் பலவற்றின் சுவரும் கப்பல் பலகைதான்.